கூடம் நிஜமாகவே கோணலா?

நம் ஊரில் இரண்டு பழமொழிகள் இருக்கின்றன. 'வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்' என்பது ஒன்று. 'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்பது இன்னொன்று. இரண்டும் ஒரே கட்சி. கருவியைக் குறை சொல்லாதே, உன் கையைப் பார் என்கிற கட்சி. சின்ன வயதில் பேனா சரியாக எழுதவில்லை என்று வீட்டில் புகார் சொன்னவர்கள் இதில் ஒன்றையாவது வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

இந்தக் கட்சி சொல்வது எவ்வளவு தூரம் உண்மை என்று சோதித்துப் பார்க்க எனக்கு அகப்பட்ட சோதனைச்சாலை கொஞ்சம் தொலைவில், வட அமெரிக்காவில் இருக்கிறது. ஜாஸ் வாசிக்கிறவர் சாலிட் பாடி எலெக்ட்ரிக் கிட்டாரை எடுக்கலாமா, கூடாதா என்பது வழக்கு. 'இதில் என்ன சார் தத்துவம்?' என்று பக்கத்தைப் புரட்டப் போகிறவர்கள் இரண்டு நிமிஷம் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுபது வருஷத்துக்கு மேலாக நடக்கிற வழக்கு இது. இன்னும் தீர்ப்பு வரவில்லை. கிட்டாரைத் தொட்டே பார்க்காதவர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது.

முதலில் வாதி, பிரதிவாதி யார் என்று பார்த்துவிடுவோம்.

ஜாஸ் கிட்டார் என்றதும் அந்த ஊர் ரசிகர் மனசில் ஒரு படம் வரும். அகலமான வயிறு. உள்ளே வெற்றிடம். மேல்பலகை தட்டையாக இல்லாமல் வயலின் மாதிரி லேசாக உப்பியிருக்கும். இரண்டு பக்கமும், வயலினில் உள்ளதுபோலவே, ஆங்கில 'எஃப்' எழுத்தின் வடிவத்தில் துளைகள். ஆர்ச்டாப் என்று பெயர். உசத்தியான ரகங்களில் ஸ்ப்ரூஸ் மரத்தைக் கையால் குடைந்து குடைந்து அந்த வளைவைக் கொண்டுவருவார்கள். அதனால் விலையும் உசத்தி. கோட்டு சூட்டு போட்டுக்கொண்ட ஆசாமி மாதிரி ஒரு கம்பீரம் அதற்கு உண்டு.

சாலிட் பாடி அப்படியில்லை. வயிறும் கிடையாது, துளையும் கிடையாது. முழுக்க முழுக்க மரக்கட்டை. வீணையின் குடத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கனமான பலகையை வைத்ததுபோல. ஒயரைச் செருகாமல் வாசித்தால் பக்கத்து அறைக்குக் கேட்காது. ராக் இசைக்காரர்கள் தோளில் மாட்டிக்கொண்டு குதிப்பது இதைத்தான்.

'பலகையில் ஜாஸா?' என்று முகம் சுளிக்கிறவர்கள் வெறும் பழமைவாதிகள் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் பக்கம் கொஞ்சம் பௌதிகம் இருக்கிறது. எலெக்ட்ரிக் கிட்டாரில் தந்திக்குக் கீழே பிக்கப் என்று ஒன்று உண்டு. காந்தம், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகளாக முடி மாதிரி மெல்லிய செப்புக் கம்பி. மேலே இரும்புத் தந்தி அதிர்ந்தால் காந்தப்புலம் அசைகிறது, சுருளில் மின்சாரம் பிறக்கிறது, ஒலிபெருக்கி அதைச் சத்தமாக்குகிறது. அதாவது பிக்கப் முக்கியமாகக் கவனிப்பது தந்தியை. மரத்தை அல்ல. அப்படியானால் வயிறு எதற்கு என்று கேட்பீர்கள். வயிறுள்ள கிட்டாரில் அந்த மெல்லிய மேல்பலகை தந்தியோடு சேர்ந்து தானும் ஆடுகிறது. ஆடுவதற்கான சக்தியைத் தந்தியிடமிருந்துதான் பிடுங்கிக்கொள்கிறது. ஆகவே ஸ்வரம் 'டொக்' என்று பிறந்து சீக்கிரம் அடங்கிவிடும். கட்டை ஆடாது, பிடுங்காது. அதில் ஸ்வரம் நின்று நீளும்.

வேகமான ஜாஸில் ஒரு விநாடிக்குள் கார்டுகள் மாறிக்கொண்டே போகும். முந்தைய கார்டு இன்னும் ரீங்காரமிட்டுக்கொண்டிருந்தால் அடுத்தது அதன்மேல் விழுந்து குழம்பிப்போகும். 'டொக்' என்று பிறந்து மரியாதையாக விலகிக்கொள்கிற ஸ்வரம்தான் அங்கே வேண்டும். எனவே அந்த வயிறு வெறும் அலங்காரம் இல்லை.

ஆனால் இந்தப் பாரம்பரியம் எவ்வளவு பழசு என்று தேடினால் கொஞ்சம் சிரிப்பு வருகிறது. 1939-ல் பென்னி குட்மன் குழுவில் சேர்ந்தார் சார்லி கிறிஸ்டியன் என்கிற இளைஞர். அதுவரை பெரிய ஜாஸ் குழுக்களில் கிட்டாருக்குப் பெரும்பாலும் தாளம் தட்டுகிற வேலைதான். டிரம்பெட்டுக்கும் சாக்ஸஃபோனுக்கும் நடுவே அதன் குரல் எடுபடாது. கிறிஸ்டியன் கையில் இருந்தது கிப்ஸன் கம்பெனி 1936-ல் கொண்டுவந்த இ.எஸ்.150. வயிறும் உண்டு, பிக்கப்பும் உண்டு. அதை வைத்துக்கொண்டு சாக்ஸஃபோன்காரர் மாதிரி நீண்ட வாக்கியங்களாக வாசித்தார். 1942-ல் காசநோயில் இறந்துபோனபோது அவருக்கு வயது 25. இன்றைக்கு 'பாரம்பரிய ஜாஸ் கிட்டார்' என்று எதைச் சொல்கிறோமோ, அது அன்றைக்குப் புத்தம்புது மின்சார வித்தை. ஒரு இருபத்தைந்து வயசுப் பையன் சுமார் இரண்டரை வருஷத்தில் போட்டுவிட்டுப் போன பாதை.

மின்சாரம் வந்ததும் வயிற்றுக்கு ஒரு வியாதியும் வந்தது. ஒலிபெருக்கியிலிருந்து வரும் சத்தம் திரும்பவும் வயிற்றுக்குள் புகுந்து மேல்பலகையை ஆட்டும். அது மறுபடி பிக்கப்புக்குப் போகும். கல்யாண மண்டபத்தில் மைக் 'கூ' என்று ஊளையிடுமே, அதே விவகாரம். லெஸ் பால் என்கிற கிட்டார் கலைஞர் 1940-ஐ ஒட்டிய வருஷங்களில் இதற்கு வைத்தியம் தேடினார். நாலு அங்குலத்துக்கு நாலு அங்குலம் பைன் மரக்கட்டை ஒன்றில் தந்தியையும் பிக்கப்பையும் பொருத்தினார். ஊளை போச்சு. ஸ்வரம் நின்று ஒலித்தது. சந்தோஷமாக எடுத்துக்கொண்டு போய் வாசித்தால் ஜனங்கள் கண்டுகொள்ளவில்லை. அப்புறம் ஒரு பழைய ஆர்ச்டாப் கிட்டாரின் உடலை இரண்டாக அறுத்து, கட்டையின் இரண்டு பக்கமும் சிறகு மாதிரி ஒட்டினார். இப்போது பார்க்க கிட்டார் மாதிரியே இருந்தது. கைதட்டல் வந்தது. சத்தத்துக்கும் அந்தச் சிறகுக்கும் சம்பந்தமே இல்லை. ஜனங்கள் கண்ணாலும் கேட்கிறார்கள் என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். கிப்ஸன் கம்பெனிக்காரர்கள் அந்தக் கட்டையைப் பார்த்துச் சிரித்து அனுப்பினார்கள். 1952-ல் அதே கம்பெனி அவர் பெயரிலேயே ஒரு சாலிட் பாடி கிட்டாரை விற்க ஆரம்பித்தது.

அந்தச் சிறகுகள் ஏமாற்று வேலையா? ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேட்கிறவரின் காதுக்குள் தன் இசை நுழைய அவருடைய கண்ணிடம் அனுமதி வாங்கவேண்டியிருந்தது, வாங்கினார். நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது நாம் சட்டையை இஸ்திரி போட்டுக்கொள்வதைவிடப் பெரிய பொய் அதில் இல்லை. சிறகை ஒட்டிவிட்டு, சிறகிலிருந்துதான் சத்தம் வருகிறது என்று சொல்லியிருந்தால் அது வேறு.

இனி, எனக்கு இந்த வழக்கில் மிகவும் பிடித்த சாட்சி.

கலிஃபோர்னியாவில் லியோ ஃபெண்டர் என்று ஒருவர். ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். அவருக்கு கிட்டார் வாசிக்கத் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்வதைக் கேட்டுக் கேட்டே கிட்டார் செய்தார். 1950-ல் அவர் கம்பெனி சந்தைக்குக் கொண்டுவந்த பலகை கிட்டார், பேர் தகராறு ஒன்றுக்குப் பிறகு 1951-ல் டெலிகாஸ்டர் என்று நிலைத்தது. பலகை ஒன்று, அதில் ஸ்க்ரூ போட்டு முடுக்கிய கழுத்து ஒன்று. கிராமிய நடனக் கூடங்களில் வாசிக்கிற கண்ட்ரி இசைக்காரர்களை மனசில் வைத்துச் செய்தது. குத்துகிற மாதிரி கூர்மையான சத்தம். 1958-ல் அதே கம்பெனி, ஜாஸ்காரர்களையும் வளைத்துப்போட வேண்டும் என்று இன்னொன்று செய்தது. பெயரே ஜாஸ்மாஸ்டர். உட்கார்ந்து வாசிக்க வசதியாக இடுப்பைச் சாய்த்து வெட்டினார்கள். சத்தம் மிருதுவாக வர அகலமான புது பிக்கப் வைத்தார்கள். ஒரு சுவிட்சைத் தள்ளினால் குரல் கம்மலாகிப் பின்னணி வாசிக்க ஏற்றதாக மாறும். கம்பெனியின் விலைப்பட்டியலில் உச்சாணிக் கொம்பில் வைத்தார்கள்.

ஜாஸ்காரர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடலலைச் சறுக்கு விளையாட்டைப் பாடிய சர்ஃப் இசைப் பையன்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் காலம் முடிந்ததும் விலை சரிந்தது. புதுசுக்குக் காசில்லாத பங்க் கோஷ்டிகளும் அவர்களுக்குப் பின்னால் வந்த கலகக்காரர்களும் பழைய சாமான் கடைகளிலிருந்து அதை மீட்டார்கள். நாசூக்கான இசைக்கென்று செய்யப்பட்ட கிட்டார், காதைப் பொத்திக்கொள்ள வைக்கிற இசைக்குப் போய்ச் சேர்ந்தது. ஜாஸ் வாசிக்க விரும்பிய சில பேர், கண்ட்ரிக்காரர்களுக்கென்று செய்த டெலிகாஸ்டரை எடுத்துக்கொண்டார்கள்!

1945-ல் பாரிஸில் ழான் பால் சார்த்ர் ஒரு பிரசங்கம் செய்தார். காகிதம் வெட்டுகிற கத்தியை உதாரணம் சொன்னார். அதைச் செய்கிறவனின் மனசில் அதன் உபயோகம் முதலில் பிறக்கிறது, கத்தி பிற்பாடுதான் பிறக்கிறது. மனிதன் விஷயத்தில் அப்படியில்லை, அவன் முதலில் பிறக்கிறான், எதற்காக என்பதை வாழ்ந்துதான் தீர்மானிக்கிறான் என்றார். அவர் ஜாஸ் ரசிகர். ஜாஸ்மாஸ்டரின் கதி தெரிந்திருந்தால் கத்தி விஷயத்திலும் அவ்வளவு நிச்சயமாகப் பேசியிருக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றும். செய்தவர் என்ன நினைத்தார் என்பது பொருளின் பிறப்புச் சான்றிதழ், அவ்வளவுதான். ஜாதகம் வேறெங்கோ எழுதப்படுகிறது.

சரி, டெலிகாஸ்டரை எடுத்தவர்களில் ஒருவரை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். எட் பிக்கர்ட். கனடாக்காரர். 1932-ல் பிறந்து 2019-ல் மறைந்தவர். டொராண்டோவை விட்டு அதிகம் நகராத மனிதர். சாக்ஸஃபோன் மேதை பால் டெஸ்மண்ட் தன்னோடு வாசிக்க ஆள் தேடியபோது, ஜிம் ஹால் என்கிற மாபெரும் கிட்டார்காரர் இவர் பெயரைச் சொன்னார். 1974-ல் 'ப்யூர் டெஸ்மண்ட்' பதிவானது. அடுத்த வருஷம் டொராண்டோவில் போர்பன் ஸ்ட்ரீட் என்கிற கிளப்பில் அவர்கள் வாசித்ததும் இசைத்தட்டாக வந்திருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். சாக்ஸஃபோனுக்குப் பின்னால் யாரோ பியானோ வாசிப்பதுபோல, அவ்வளவு அடக்கமாக, கார்டுகள் பூத்துப் பூத்து மறையும். யாருக்கும் இடைஞ்சல் செய்யாத வாசிப்பு. கண்ணைத் திறந்தால் சாதாரண டெலிகாஸ்டர் பலகை.

'பார்த்தீர்களா, எல்லாம் கையில்தான் இருக்கிறது!' என்று நம் பழமொழிக் கட்சி இங்கே எழுந்து கைதட்டும். உட்காரச் சொல்லுங்கள். பிக்கர்ட் அந்தப் பலகையை அப்படியே விட்டுவைக்கவில்லை. கழுத்துப் பக்கம் இருந்த பிக்கப்பைக் கழற்றிவிட்டு ஹம்பக்கர் என்கிற இரட்டைச் சுருள் பிக்கப்பை மாட்டினார். 1950-களில் கிப்ஸனில் சேத் லவர் என்பவர் உருவாக்கியது. இரைச்சலைத் தின்றுவிட்டுக் குண்டான சத்தத்தைத் தரும். கை பெரிய கைதான். ஆனால் அந்தக் கைக்குத் தன் கருவியில் என்ன குறை என்பதும் தெரிந்திருந்தது. கூடம் ஒரு பக்கம் கோணல் என்று கண்டுபிடித்து, கொத்தனாரைக் கூப்பிட்டு நிமிர்த்திவிட்டு, அப்புறம் ஆடினார்.

எனவே பலகையில் ஜாஸ் வாசிக்க நினைக்கிறவர் முதலில் வெட்கமில்லாமல் குறைகளைப் பட்டியல் போடவேண்டும். கழுத்துப் பக்கத்து பிக்கப்பை மட்டும் உபயோகிக்கவேண்டும். தந்தி அங்கேதான் அகலமாக ஆடுகிறது, சத்தம் உருண்டையாக வரும். பாலத்துப் பக்கம் தகரத்தில் ஆணி கீறுகிற மாதிரி இருக்கும். டோன் என்கிற குமிழைக் கொஞ்சம் இறக்கி உச்ச ஒலிகளை மட்டுப்படுத்தவேண்டும். கடையில் மாட்டிக்கொடுக்கிற நூலிழைத் தந்திகளைக் கழற்றிவிட்டு, முதல் தந்தியே 0.012 அங்குலம் இருக்கிற கனமான செட் போடவேண்டும். அதிலும் கீழ்த்தந்திகளின் மேல் சுற்று உருண்டைக் கம்பியாக இல்லாமல் தட்டையாக இருக்கிற ஃப்ளாட்வவுண்ட் ரகமானால் விரல் நகரும்போது 'கீச்' சத்தம் வராது, ஸ்வரமும் சீக்கிரம் அடங்கும். கனத் தந்தி போட்டால் கழுத்தின்மேல் இழுவிசை கூடும். தெரிந்தவரிடம் கொடுத்துச் சரிசெய்யவேண்டும். இத்தனையும் செய்த பிறகும் அது ஆர்ச்டாப் ஆகிவிடாது. விலா எலும்பில் சாய்த்து வைத்த வயிறு கூடவே அதிர்கிற அந்த சுகம் வராது. அதைச் சொல்லிவிடுவதுதான் யோக்கியம். 'எல்லாம் ஒண்ணுதான் சார்' என்று சொல்கிற கடைக்காரரை நான் நம்ப மாட்டேன்.

கருவி கையை மாற்றும் என்பதையும் மறந்துவிடக்கூடாது. ஸ்வரம் சீக்கிரம் செத்துப்போகிற கிட்டாரில் பழகியவர், அந்த மௌனத்தை வைத்துக்கொண்டு வாக்கியம் அமைக்கப் பழகியிருப்பார். நீண்டு நிற்கிற கிட்டாரில் பழகியவருக்கு ஸ்வரத்தை எங்கே நிறுத்துவது என்று தனியாகக் கற்றுக்கொண்டாக வேண்டும். இடது கை விரலை லேசாகத் தூக்கித் தந்தியை வாயடைக்க வேண்டும். வெஸ் மாண்ட்கோமரி கட்டைவிரலால் வாசித்தார். பகலெல்லாம் வேலை, ராத்திரி சாதகம், மற்றவர்கள் தூக்கம் கெடக்கூடாது என்று பிக்கை விட்டுவிட்டுக் கட்டைவிரலுக்கு மாறியதாகச் சொல்வார்கள். அந்த மெத்தென்ற சத்தத்துக்கு இன்றைக்கு உலகம் முழுக்கப் பேர் ஏங்குகிறார்கள். அக்கம்பக்கத்தார் செய்த உபகாரம்.

இதுவரை சொன்னது வாங்க முடிந்தவர்களின் கதை. இனிமேல்தான் எனக்கு நிஜமாகவே தொந்தரவு கொடுத்த பகுதி.

ஜோ பாஸ். 1929-ல் பிறந்தவர், சின்ன வயசிலேயே வித்தைக்காரர் என்று பேர் வாங்கியவர், போதைப் பழக்கத்தில் விழுந்து வாலிபத்தின் பெரும்பகுதியைத் தொலைத்தவர். ஜெயிலையும் பார்த்தார். 1960-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் சினனான் என்கிற போதை மீட்பு இல்லத்தில் போய்ச் சேர்ந்தார். (அந்த அமைப்பு பின்னாளில் ஏடாகூடமாகப் போய்ப் பேர் கெட்டது, அது தனிக் கதை.) அவரிடம் சொந்தமாக கிட்டார் இல்லை. இல்லத்தில் கிடந்த ஃபெண்டர் சாலிட் பாடியை எடுத்துக்கொண்டார். அங்கிருந்த மற்ற வாத்தியக்காரர்களோடு சேர்ந்து 1962-ல் 'சவுண்ட்ஸ் ஆஃப் சினனான்' என்கிற இசைத்தட்டில் வாசித்தார். கேட்டவர்கள் திகைத்துப்போனார்கள். புல் ஆயுதமாகிவிட்டது!

கதை அங்கே முடிந்திருந்தால் பழமொழிக்குப் பெரிய வெற்றி. ஆனால் அவர் வாசித்ததைப் பார்த்த ஒரு ரசிகருக்கு, இவ்வளவு பெரிய வித்தைக்காரர் அவருக்குப் பொருந்தாத கிட்டாரில் அல்லாடுகிறாரே என்று தாங்கவில்லை. 1963-ல் கிப்ஸன் இ.எஸ்.175 ஒன்றை வாங்கிப் பரிசாகக் கொடுத்துவிட்டார். ஜாஸ்காரர்களின் பிரியமான வயிற்று கிட்டார். பாஸ் அதை வாங்கிக்கொண்டார். பல வருஷம் அதோடுதான் வாழ்ந்தார். எல்லாம் கையில்தான் இருக்கிறதென்றால், 'வேண்டாம் ஐயா, எனக்கு இந்தப் பலகையே போதும்' என்று சொல்லியிருக்கலாமே? சொல்லவில்லை.

அரிஸ்டாட்டில் தன் 'அரசியல்' நூலில் ஒரு கேள்வி கேட்கிறார். நல்ல குழல்கள் சில இருக்கின்றன, யாருக்குக் கொடுப்பது? உயர்குலத்தில் பிறந்தவருக்கா, அழகாக இருப்பவருக்கா? இல்லை, நன்றாகக் குழல் வாசிக்கிறவருக்கு என்கிறார். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் உலகத்தில் நல்ல குழல்களை யார் வாங்குகிறார்கள்? காசு இருப்பவர்கள். அவர்களில் எத்தனை பேர் வாசிக்கிறார்கள் என்பதை உங்கள் சொந்தக்காரர் வீட்டு ஹாலில் உறை போட்டு வைத்திருக்கும் வீணையைக் கேட்டால் சொல்லும். அந்த ரசிகர் செய்தது, அரிஸ்டாட்டில் காகிதத்தில் எழுதியதை ஒரே ஒரு கிட்டார் அளவுக்குத் தன் பையிலிருந்து நிறைவேற்றியது.

இப்போது நம் பழமொழிக்குத் திரும்பிப் பாருங்கள். 'வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்.' கையில் புல் மட்டுமே இருக்கிறவன் ராத்திரி தனியாக உட்கார்ந்து தனக்குத்தானே இதைச் சொல்லிக்கொண்டால் அது தைரியம். இடுப்பில் வாள் தொங்குகிறவன், வாள் கேட்டு வந்து நிற்கிறவனிடம் இதையே சொன்னால் அது அயோக்கியத்தனம். வார்த்தை மாறவில்லை. லேப் இல்லாத பள்ளிக்கூடத்துப் பையனிடம் 'படிக்கிற பிள்ளை எங்கிருந்தாலும் படிக்கும்' என்கிறோம். ஓட்டைத் தையல் மெஷினை வைத்துக்கொண்டு திண்டாடுகிற பெண்ணிடம் 'கை சுத்தமா இருந்தா தையல் சுத்தமா வரும்' என்கிறோம். எவ்வளவு மலிவாகப் போயிற்று பாருங்கள் நமக்கு! பழமொழியைத் தானம் செய்துவிட்டுப் பர்ஸை மூடிக்கொண்டு விடலாம். ஆடத் தெரியாதவள் கதையும் அப்படித்தான். அவள் கூடம் கோணல் என்று சொன்னதும் எல்லோரும் சிரித்தார்களே தவிர, ஒருத்தராவது ரசமட்டம் வைத்துப் பார்த்தார்களா?

கிடைத்ததை வைத்து வாசிப்பதும், தேர்ந்தெடுத்து வாசிப்பதும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். பிக்கர்ட் பலகையைத் தேர்ந்தெடுத்தார். பாஸுக்கு அது கிடைத்தது. நடுவில் ஒருவர் இருக்கிறார்: ஆர்னெட் கோல்மன். பித்தளை சாக்ஸஃபோனுக்குக் காசில்லாமல் 1950-களில் பிளாஸ்டிக் சாக்ஸஃபோன் வாங்கினார். முதலில் பிடிக்கவில்லை. வாசிக்க வாசிக்க அதன் வறண்ட குரல் பிடித்துப்போயிற்று. 1959-ன் 'தி ஷேப் ஆஃப் ஜாஸ் டு கம்' இசைத்தட்டின் அட்டையில் அந்த வெள்ளை பிளாஸ்டிக்கை அணைத்துக்கொண்டு நிற்கிறார். சார்லி பார்க்கரும் 1953 மே 15-ம் தேதி டொராண்டோ மாஸ்ஸி ஹாலில் பிளாஸ்டிக்கில்தான் வாசித்தார். ஜாஸ் வரலாற்றின் பிரசித்தமான கச்சேரிகளில் ஒன்று அது. ஆனால் பார்க்கரின் பிளாஸ்டிக்கைக் காட்டி, காசில்லாத மாணவனின் வாயை அடைக்க நமக்கு உரிமை கிடையாது. கோல்மன் தன் வறுமையைத் தன் குரலாக மாற்றிக்கொண்டார் என்றால் அந்தப் பெருமை கோல்மனுக்கு. வறுமைக்கு அல்ல.

நம் ஊருக்கு இந்த வழக்கில் ஒரு நேரடி சம்பந்தம் உண்டு. உ. ஸ்ரீநிவாஸ். 1980-களின் தொடக்கத்தில் அந்தச் சிறுவர் சென்னை சபாக்களில் உட்கார்ந்தபோது மடியில் இருந்தது என்ன? எலெக்ட்ரிக் மாண்டலின். வயிறு இல்லாத சாலிட் பாடி. சாதாரண மாண்டலினில் தந்திகள் ஜோடி ஜோடியாக எட்டு இருக்கும், ஸ்வரம் 'டிங்' என்று பிறந்து உடனே மறையும். அதில் கமகம் எங்கே வரும்? ஒற்றைத் தந்திகளாக ஐந்து வைத்து, கட்டையும் மின்சாரமும் தருகிற அந்த நீண்ட ஸ்வரத்தின்மேல் விரலை இழைத்து இழைத்து கமகத்தைக் கொண்டுவந்தார். ஜாஸ்காரர்களுக்குத் தொல்லையாக இருந்த அதே நீளம் இங்கே வரப்பிரசாதம். 'இது என்ன வாத்தியம், இதில் கர்னாடக சங்கீதமா?' என்று மூக்கைச் சுளித்தவர்கள் இங்கும் இருந்தார்கள். வயலினையும் ஒருகாலத்தில் வெள்ளைக்காரனிடமிருந்துதான் வாங்கினோம் என்பது அந்த நிமிஷத்தில் அவர்களுக்கு ஞாபகம் வரவில்லை. 1983-ல் அவர் பெர்லின் ஜாஸ் விழாவிலேயே போய் வாசித்தார். பதினான்கு வயசு. பிற்பாடு ஜான் மெக்லாஃப்லினின் ரிமெம்பர் சக்தி குழுவில் எலெக்ட்ரிக் கிட்டாரும் எலெக்ட்ரிக் மாண்டலினும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டன. 2014-ல் நாற்பத்தைந்து வயதில் அவர் போய்விட்டார்.

மூக்கைச் சுளித்தவர்கள் முட்டாள்கள் என்று சொல்லிவிட்டுத் தப்பித்துக்கொள்ள நான் விரும்பவில்லை. ஒரு பாரம்பரியத்துக்குக் காவல் வேண்டும். யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கொண்டுவரலாம் என்றால் அங்கே கற்றுக்கொள்ள ஒன்றும் மிச்சமிருக்காது. காவல்காரர் வாசலில் நிறுத்திக் கேட்பதில் தப்பில்லை. ஆனால் அவர் காதால் விசாரிக்கவேண்டும். கமகம் வருகிறதா, வாக்கியம் மூச்சு விடுகிறதா என்று கேட்டுவிட்டுச் சொல்லட்டும். வயிறு இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது சோதனை ஆகாது.

கடைசியாக, உங்களில் யாராவது நிஜமாகவே ஒன்று வாங்குவதாக இருந்தால்: கடைக்காரர் பளபளப்பான நிறத்தை முதலில் எடுத்து வைப்பார். அதை அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லுங்கள். ஒயர் செருகாமலேயே நாலு கார்டு வாசித்து, கழுத்தில் விரல் எங்கேயாவது தடுக்குகிறதா என்று பாருங்கள். தோளில் மாட்டிக்கொண்டு பத்து நிமிஷம் நில்லுங்கள். சில பலகைகள் நாலு கிலோ இருக்கும். பிறகு ஆம்ப்ளிஃபையர். எதிரொலி, கரகரப்பு எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லுங்கள். கழுத்து பிக்கப், டோன் பாதி, சத்தம் பக்கத்தில் நிற்பவரோடு பேசுகிற அளவு. கூடப் போன நண்பரை முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கச் சொல்லிவிட்டு, மெதுவான பாட்டு ஒன்றை வாசியுங்கள். பக்கத்தில் ஆர்ச்டாப் ஒன்று தொங்கினால் அதிலும் அதே பாட்டை வாசியுங்கள். எது எது என்று அவர் சொல்லட்டும். அவர் சரியாகச் சொன்னால், எந்த இடத்தில் வித்தியாசம் கேட்டது என்று விசாரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தத் தந்தி வாங்குவது, எந்த பிக்கப்பை மாற்றுவது என்று தீர்மானிக்க அந்தக் குறிப்பு உதவும்.